காய்ச்சலுக்கு முன்பே அறிய வேண்டியது

திண்டுக்கல் சமவெளியில் ஒருவருக்குக் குருதிப் புற்றுநோய் என்று தெளிவாகிவிட்டால், அவர் மருத்துவம் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், 1986-இலேயே எலும்பு மஜ்ஜை மாற்று மருத்துவத்தைத் தொடங்கிய வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அதனினும் தொலைவில், முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம். பெயர் பெற்ற இவ்விடங்களில் நோயாளி கழிக்கும் நாள்கள் சிலவே. கீமோதெரபியின் ஒரு சுற்று முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். சிறுவர்களை மிகுதியாகத் தாக்கும் லிம்போபிளாஸ்டிக் வகைப் புற்றில் இந்தப் போக்குவரத்து இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். மருந்து ஏறிப் பத்து நாள் அளவில், நோயாளிகளின் வழக்குச் சொல்லில் கூறுவதானால், ‘கவுண்ட் விழுகிறது’. வாய் முழுதும் புண், சோறு இறங்குவதில்லை. வேடசந்தூரிலோ நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ உள்ள வீட்டில் ஓர் இரவு உடல் கொதிக்கத் தொடங்குகிறது. அந்த இரவில் 108 ஊர்தி வேலூருக்குப் போவதில்லை. திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் வாயிலில்தான் நிற்கிறது.

நாம் இன்று பேச விரும்புவது அந்த வாயிலில் தொடங்கும் ஒரு மணி நேரத்தைப் பற்றி.

குருதியின் ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோபில் எனும் காவல் அணுக்கள் ஐந்நூறுக்கும் கீழே இறங்கிய ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏறிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மருத்துவ நெறி. குருதியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். அதன் விடை வர இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் காத்திருக்கும் வலிமை அந்த உடலுக்கு இல்லை. ஆகவே பணியிலிருக்கும் மருத்துவர் ஊகித்தே மருந்தைத் தேர்கிறார். சரியான மருந்து அமைந்தால் மறுநாள் காய்ச்சல் தணிகிறது. தவறினால், குருதி வளர்ப்பின் விடை வந்து சேரும்போது அதைப் படித்துக்காட்ட நோயாளி இல்லாமலும் போகலாம். கார்பபெனம் எனும் உயர் மருந்துகளுக்கு அடங்காத கிருமி குருதியில் கலந்துவிட்ட இத்தகைய நோயாளிகளுள் பாதிப் பேர் வரை உயிரிழப்பதை இந்திய மருத்துவர்கள் பலரும் கண்டிருக்கின்றனர்.

அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நோயாளியின் குடலிலிருந்தே. மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில். அவற்றுள் நன்மை செய்வனவே மிகுதி. கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவற்றின் எதிர்ப்புத்திறன் பெற்ற வகைகள் ஒரு மூலையில் ஒதுங்கி, எத்தீங்கும் செய்யாமல் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். நலமுள்ளவர் அவற்றைச் சுமப்பதைத் தாமே அறியார். குருதிப் புற்றுக்கு மருத்துவம் தொடங்கியதும் மூன்று கேடுகள் ஒருங்கே நேர்கின்றன. புற்றணுவைக் கொல்லும் மருந்து குடலின் உட்சுவரையும் அரிக்கிறது. வாயில் காணும் புண் உள்ளேயும் உண்டு. காவல் அணுக்கள் அழிகின்றன. இடையிடையே தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, எதிர்ப்புத்திறன் உள்ளவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுக்கின்றன. மூலையில் கிடந்தது பெருகி, அரிக்கப்பட்ட சுவரின் வழியே குருதியில் இறங்குகிறது.

இதை முன்கூட்டியே அறிய வழி உண்டு; அது எளியதும்கூட. மருத்துவமனையில் சேர்ந்த அன்றே, மலவாயில் மென்மையாகப் பஞ்சுக்குச்சி தடவியோ, சிறிதளவு மலம் பெற்றோ, கார்பபெனம் மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் இடுகின்றனர். எது அம்மருந்தையும் மீறி முளைக்கிறதோ அதுவே நாம் தேடுவது. ஓரிரு நாளில் விடை கிடைக்கும். மரபணுவை நேரே தேடும் பிசிஆர் கருவி இருப்பின் சில மணி நேரத்தில். நெடுநாள் தங்குவோருக்கு வாரம் ஒருமுறை மீண்டும் பார்ப்பது பல புற்றுநோய் மையங்களின் வழக்கம். ஒரு நுட்பத்தை மட்டும் மறக்கலாகாது. காவல் அணுக்கள் வீழ்ந்த பின்னர் மலவாயைத் தொடுவதே ஆபத்து. எனவே இச்சோதனை மருந்து ஏறுவதற்கு முன்பே நிகழ வேண்டும். பிந்திவிட்டால் மல மாதிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிருமிகளின் வரலாற்றில் தமிழகத்தின் பெயர் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 2008-இல் புது தில்லியில் மருத்துவம் பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கண்ட கிளெப்சியெல்லாவில், கார்பபெனத்தைச் சிதைக்கும் புதிய நொதி ஒன்று இருந்தது. புது தில்லியின் பெயரைத் தாங்கும் வகையில் என்டிஎம்-1 என்று அதற்குப் பெயரிட்டனர். 2010 ஆகஸ்டில் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக அமைந்த ஆய்வுரை வெளிவந்தது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என அந்நொதி கொண்ட கிருமிகளை அது பட்டியலிட்டது. நாடு எவ்வாறு எதிர்கொண்டது? தலைநகரின் பெயரை நொதிக்குச் சூட்டியது குறித்துச் சினம் எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றத்தில் குரல் கேட்டது. பெயர் பற்றிய மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2011-இல் வெளியான அடுத்த ஆய்வில், தில்லியின் 50 குடிநீர் மாதிரிகளுள் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51-இலும் அதே மரபணு காணப்பட்டபோது, சினம் எதையும் மாற்றிவிடவில்லை என்பது விளங்கியது.

சென்னையிலிருந்தே வேறொரு குரலும் எழுந்தது. புற்றுநோயாளிகளின் தொற்றுகளை அன்றாடம் காணும் மருத்துவர் அப்துல் கஃபூர், 2010-இல் இந்திய மருத்துவர் சங்க இதழொன்றில் நுண்ணுயிர்க்கொல்லிகளின் மறைவுக்கு இரங்கல் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு தலையங்கம் எழுதினார். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி வகுத்த திட்டம் ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர் பெற்றது. அது அச்சேறியது இந்தியப் புற்றுநோய் ஆய்விதழில் என்பதைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி பயன் இழந்தால் முதலில் விழுவோர் புற்றுநோயாளிகள் என்பதை அவர்தம் மருத்துவர்களே முதலில் உணர்ந்தனர். குறையற்ற கொள்கை வேண்டுவதில்லை, நடைமுறைக்கு ஒத்துவரும் கொள்கையே வேண்டும் என்பது அப்பிரகடனத்தின் உள்ளக்கிடக்கை. 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. உயர்நிலை மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் ஏட்டில் பதிந்து மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்றாயிற்று. கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் எனும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கலப்பதை 2019 ஜூலையில் நடுவண் அரசு தடை செய்தது. கறிக்கோழிப் பண்ணைகள் நிறைந்த கொங்குப் பகுதியை ஒட்டியிருக்கும் நம் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

ஆணைகள் வந்தன, கிருமிகள் பின்வாங்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், கார்பபெனம் வகையைச் சேர்ந்த இமிபெனம் மருந்துக்குக் கட்டுப்படும் கிளெப்சியெல்லா 2016-இல் 65 விழுக்காடாக இருந்தது. 2021-இல் 43 விழுக்காடாகச் சரிந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கசப்பானது. புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டு அங்கு வந்த குழந்தைகளின் குடலைச் சோதித்தபோது, அவர்களுள் பலர் மருத்துவமனையில் படுக்குமுன்பே பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைச் சுமந்து வந்திருந்தனர். ஊரிலிருந்தே, தண்ணீரிலிருந்தோ உணவிலிருந்தோ முந்தைய ஊசிகளிலிருந்தோ.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதை எழுப்புவோர் அறிவுடையோர். ‘இத்தனை பேரிடம் இருக்கிறதென்றால் சோதித்து என்ன பயன்? எல்லோரிடமும் இருப்பதாகவே கொண்டு, எல்லோருக்கும் இறுதி மருந்தைக் கொடுத்துவிடலாமே’ என்பர். நாம் இதை மறுக்கிறோம். இச்சோதனையின் மதிப்பை ‘உண்டு’ என்னும் விடையைக் கொண்டே அளப்பதால் வரும் பிழை இது. ‘உண்டு’ என்று வந்தோருள்ளும் பெரும்பாலோருக்குக் குருதியில் அக்கிருமி இறங்குவதில்லை. ஆகவே அவ்விடை ஓர் எச்சரிக்கை, அவ்வளவே. ‘இல்லை’ என்னும் விடைக்கு எடை அதிகம். குடலில் இல்லாத கிருமி குருதியில் தோன்றுவது அரிது. அண்மையில் ‘இல்லை’ என்று வந்த நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் அச்சமின்றி வழக்கமான மருந்திலேயே தொடங்கலாம். சிறுநீரகத்தைச் சிதைக்கவல்ல கோலிஸ்டினைத் தொட வேண்டியதில்லை. என்டிஎம் கிருமிக்கு எதிராக இன்று எஞ்சியிருக்கும் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் கூட்டு மருந்தை, அதன் விலைக்காகவும் அதன் அருமைக்காகவும், உண்மையில் தேவைப்படுவோருக்குக் காத்து வைக்கலாம். எல்லோருக்கும் இறுதி மருந்து என்றால், சில ஆண்டுகளில் அது இறுதி மருந்தாக இராது. சென்னை ஆர்கிட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், 2024-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற கூட்டு மருந்தொன்றில் இடம்பெற்றது. தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அதுவும் என்டிஎம் நொதிக்கு முன் செயலற்றதே. புதுமருந்து வந்து காக்கும் என்ற நம்பிக்கையில் பழைய மருந்துகளை வாரி இறைக்க இயலாது.

இன்னொரு தடையும் சொல்லப்படும். கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் அதைக் குடலிலிருந்து அகற்ற உறுதியான வழி இல்லை. உண்மை, ஐரோப்பியத் தொற்றுநோய் வல்லுநர் அவையும் 2019-இல், மருந்து கொடுத்துக் குடலைத் துப்புரவாக்கும் முயற்சியை வழக்கமாக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. இச்சோதனை இந்திய மருத்துவமனைகளில் இத்தனை உயிரைக் காத்தது என்று காட்டும் முழுமையான சான்று எங்கே என்றும் கேட்கப்படும். இக்கேள்விக்கு விடை தேடும்போது திண்டுக்கல்லுக்குத் தன் சொந்த வரலாறு நினைவுக்கு வர வேண்டும். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய அவ்வழக்கில் தண்டம் விதிக்கப்பட்ட மாவட்டங்களுள் அந்நாளைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய். அத்தீர்ப்புதான் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது. மீளமுடியாத கேடு அச்சுறுத்தும்போது, அறிவியல் உறுதி முழுமையாக வரட்டும் என்று காத்திருப்பது காரணமாகாது என்பது அதன் சாரம். கிணறு கெட்ட பிறகு சான்று திரட்டிய ஊர் இது. காவல் அணுக்கள் அற்ற ஓர் உடலுக்கு நேரும் கேட்டைவிட மீளமுடியாதது எது?

சான்றே இல்லை என்பதும் சரியன்று. 2006-இல் இஸ்ரேலிய மருத்துவமனைகளில் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கொள்ளை நோய்போல் பரவியது. 2007 மார்ச்சில் அந்நாட்டு அரசு தலையிட்டு, கிருமியுடையோரைப் பிரித்து வைக்கவும், அவர்களுக்கெனத் தனிச் செவிலியரை அமர்த்தவும், ஒவ்வொரு மருத்துவமனையும் தவறாமல் அறிக்கை தரவும் ஆணையிட்டது. கிருமியைத் தேடிக் கண்டறியும் சோதனையும் அம்முயற்சியோடு வளர்ந்தது. ஒரு லட்சம் நோயாளி-நாள்களுக்கு 55.5 என்றிருந்த புதிய நேர்வுகள், 2008 மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தன. சிறிய நாடு, செல்வ நாடு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அங்கு வென்றது புதிய மருந்தன்று. யாரிடம் கிருமி உள்ளது என்பதை அறிந்ததும், அறிந்ததற்கேற்ப நடந்ததுமே.

அறிந்ததற்கேற்ப நடப்பதில்தான் நம் மருத்துவமனைகள் தடுமாறும். ‘உண்டு’ என்று வந்தவருக்குத் தனியறை வேண்டும் என்று எழுதிவிடுவது எளிது. நம் அரசு மருத்துவமனைகளின் பொதுக்கூடத்தில் தனியறை ஏது? கட்டிலுக்கு ஓர் உறவினர், சில கட்டில்களுக்கிடையே ஓர் உறவினர் கூட்டம். இருபது முப்பது பேருக்கு இரண்டு கழிப்பறைகள். அவற்றுள் ஒன்றின் தாழ் உடைந்திருக்கும், மற்றொன்றில் தண்ணீர் நின்றிருக்கும். குடற்கிருமி பரவும் நெடுஞ்சாலை அதுவே. கைகழுவும் தொட்டியின் வடிகுழாயும் இக்கிருமிகளின் நெடுநாள் உறைவிடம் என்பதைப் பல நாடுகளின் மருத்துவமனைகள் காலம் கடந்தே கண்டுகொண்டன. எனவே நாம் தனியறை கேட்கவில்லை. கிருமியுள்ளோரைக் கூடத்தின் ஒரு பகுதியில் சேர்த்து வைக்கலாம். அப்பகுதிக்கு ஒரு கழிப்பறையை ஒதுக்கலாம். அக்கழிப்பறைக்குத் தண்ணீரும், சோப்பும், ஒரு நாளில் பலமுறை கழுவும் ஆளும் உறுதியாக இருக்கட்டும். ஒப்பந்த முறையில் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டு, கையுறையும் தரப்படாமல் தரை துடைக்கும் பெண், தொற்றுத் தடுப்புக் குழுவின் கூட்டத்துக்கு ஒருநாளும் அழைக்கப்படுவதில்லை. அவரை அழைக்காத குழு என்ன தீர்மானம் இயற்றினாலும் அது சுவரில் ஒட்டிய தாளோடு முடிந்துவிடும்.

இச்சோதனையால் தீங்கு விளையவும் கூடும். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘உண்டு’ என்ற ஒரு சொல்லைக் காட்டி ஒரு நோயாளிக்குக் கட்டில் மறுக்கப்படலாம். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கான வரிசையில் அவர் பெயர் சத்தமின்றிப் பின்தள்ளப்படலாம். உடன் பிறந்தோரே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கலாம். தொழுநோயும் காசநோயும் இவ்வூர்களில் எப்படி நடத்தப்பட்டன என்பதை அறிந்தோர் இவ்வச்சத்தை மிகை என்று கருதார். ஆகவே சோதனைக்கு முன் நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். பெண்களுக்குப் பெண் பணியாளரே, மறைவான இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும். விடையைக் காரணம் காட்டி எந்த மருத்துவமனையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனை உட்பட, மருத்துவத்தை மறுக்கலாகாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். குடலில் இக்கிருமி இருப்பது ஒருவர் குற்றமன்று. வீட்டில் சோப்புப் போட்டுக் கைகழுவி வாழ்ந்தால் உடனிருப்போர் அஞ்சத் தேவையில்லை என்பதைக் குடும்பத்துக்குச் சொல்ல ஐந்து மணித்துளி போதும். அந்த ஐந்து மணித்துளி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மீண்டும் திண்டுக்கல்லுக்கு வருவோம். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் நம்முடையதும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றாலே நுண்ணுயிரியல் துறை உண்டு. வளர்ப்புத் தட்டும், அடைகாப்புப் பெட்டியும், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆசிரியரும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையாக மட்டும் இருந்த காலத்தில் இக்கோரிக்கை பேராசையாகத் தோன்றியிருக்கும். இன்று இது பெரும்பாலும் ஒழுங்கமைப்பின் வினா. குருதிப் புற்றுக்கு முழு மருத்துவம் இங்கே தொடங்கட்டும் என்று நாம் கேட்கவில்லை; அதற்குக் காலம் ஆகும். மதுரைக்கும் வேலூருக்கும் சென்று வருவோரின் குடற்சோதனையை, அவர்கள் அடுத்த சுற்றுக்குப் புறப்படுமுன் இங்கேயே எடுத்து விடை தரலாம். மருந்துகளை மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் வாங்கி வழங்க 1994-இல் தமிழகம் நிறுவிய மருத்துவப் பணிகள் கழகம், நாடே பின்பற்றிய முன்மாதிரி. அதன் பட்டியலில் இச்சோதனைக்கான பஞ்சுக்குச்சியும் வளர்ப்பூடகமும் இடம்பெறுவது பெருஞ்செலவாகாது. காய்ச்சல் கண்ட ஒருவருக்கு ஒரு நாள் ஏறும் உயர் மருந்தின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எல்லாவற்றினும் மேலாக, விடை நோயாளியோடு பயணம் செய்ய வேண்டும். பெருமருத்துவமனையில் எடுத்த சோதனையின் முடிவு அங்குள்ள கணினியில் உறங்குகிறது. நள்ளிரவில் திண்டுக்கல்லில் ஊசி தேர்பவருக்கு அது தெரிவதில்லை. நோயாளியின் பையில் இருக்கும் வெளியேற்றச் சுருக்கத்திலோ, குருதியளவுகளும் மருந்தின் பெயர்களும் எண்ணிறந்த சுருக்கெழுத்துகளும் பக்கம் பக்கமாக இருக்கும். குடற்கிருமி பற்றிய ஒரு வரி மட்டும் இராது. மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம் ஒரே படிவத்தை வகுக்கட்டும். முதற்பக்கத்தில், குருதி வகை எழுதும் இடத்துக்கு அருகே, சோதித்த நாள், ஆய்வகத்தின் பெயர், உண்டு அல்லது இல்லை, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற நான்கு செய்திகள் போதும். மதுரை எழுதியதைத் திண்டுக்கல் ஏற்கவும், திண்டுக்கல் எழுதியதை வேலூர் மீண்டும் சோதிக்குமுன் படிக்கவும் உடன்பாடு வேண்டும். இதற்கு மூன்று நிறுவனங்களின் நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களும் குருதியியல் மருத்துவர்களும் ஒருநாள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் போதும். மாவட்ட ஆட்சியர் அக்கூட்டத்தைத் திண்டுக்கல்லிலேயே கூட்டலாம். அடுத்த ஆண்டுக்கான கொள்முதல் பட்டியல் முடிவாகும் முன் கூட்டினால், பஞ்சுக்குச்சிக்காக இன்னோர் ஆண்டு காத்திருக்க நேராது.